உருகி என்பது யாது?

கொண்டலாம்பட்டிப் பக்கம்
அறுபது தறிக்கொட்டகைக்கு வயர் இழுத்திருக்கிறேன்.
கண்ணை மூடி விரலில் உருட்டி
ஒன்றரையா இரண்டரையா என்று சொல்லிவிடுவேன்.
வேலை முடிந்த அறிக்கையில் மட்டும்
'கம்பியாள் பெயர்' என்ற கட்டத்துக்கு நேரே
தனகோட்டி என்று இருக்கும்.
லைசென்ஸ் எண் அவனுடையது.
பாயிண்டுக்கு இவ்வளவு என்று
காண்ட்ராக்டர் அவனுக்கு அனுப்புகிறார்.
நான் அவனைப் பார்த்ததில்லை.
குள்ளமா உயரமா, மீசை உண்டா,
இன்னும் இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது.

நாற்பத்தொரு வயதில்
நானும் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.
பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கைடில்
எனக்கு முன்னால் படித்த எவனோ
பென்சிலில் டிக் அடித்திருக்கிறான்,
பாதி தப்பு.
அந்தப் புத்தகத்தின் தமிழில்
என் கைக்குத் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை.
நொதுமல் என்றால்
குழந்தைகளுக்கு வருகிற காய்ச்சல் என்று நினைத்தேன்.

ராத்திரி எட்டரைக்குமேல் கேள்வி கேட்பவள் தவமணி.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக்
கொலுசு வளையம் கோர்த்துக்கொண்டே கேட்பாள்.
எங்கள் வீட்டில் இரண்டு குறடு:
சிவப்பு உறை போட்டது என்னுடையது,
மூக்குக் கூர்ந்தது அவளுடையது.
பின்சந்தில் தறிகள் ஓடுவதால்
ஓம் விதியைக் கத்திச் சொன்னால்தான் கேட்கும்.
தெருவே இப்போது அதை ஒப்பிக்கும்.

"உருகி என்பது யாது?"
விழித்தேன்.
"அதாங்க, பீஸ் கட்டை" என்றாள்.
பிறகு வளையத்தைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள்:
அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வரும்போது
தான் உருகி
மற்றதைக் காப்பது.
வாசித்தவள் நிமிர்ந்து பார்த்தது
நிலைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக் கட்டையை.
ஓயாமல் போகிறது என்று
ஆறு வருஷத்துக்கு முன்
நாலு இழை செம்பை முறுக்கிப் போட்டேன்.
அன்றிலிருந்து போனதில்லை;
அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.
"அப்ப நம்ம வீட்டுல
எதுங்க உருகும்?"

கைடில் அந்தக் கேள்வி இல்லை.

தரையிணைப்புக்கு வந்தோம்.
குழி, குழாய், கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
தண்ணீர் ஊற்றப் புனல்.
இதை நான் படிக்க வேண்டியதில்லை என்றேன்.
படிக்க வேண்டியதில்லைதான்.
செலவைக் குறை என்று முதலாளி சொன்னால்
குழியே வெட்டாமல்
ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
எத்தனை கொட்டகை என்று தவமணி கேட்கவில்லை.
போன ஐப்பசியில்
ஓதமேறிய தரையில் வெறுங்காலோடு நின்று
தறியைத் தொட்ட மாதேசனைத்
தூக்கி எறிந்தது.
பிழைத்துக்கொண்டான்.
வலக்கையில் மூன்று விரல் மடங்குவதில்லை,
அறுந்த இழையை முடிய அவனால் ஆகாது.
விசாரிக்க வந்தவர்கள் அறிக்கையைப் புரட்டினார்கள்.
அதில் நான் இல்லை.
தனகோட்டி இருந்தான்.
அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்
என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி
மெயினை அணைத்து, டார்ச்சைத் தவமணி பிடிக்க,
நாலு இழையையும் உருவிவிட்டுப்
புத்தகம் சொன்ன கம்பியைப் போட்டேன்.
காலையில் நான் சட்டைக்கு இஸ்திரி போட,
அவள் சட்னிக்கு மிக்ஸியைத் திருக,
டப்.
வீடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
"உருகிடுச்சுங்க" என்றாள்,
பீஸ் போச்சு என்று சொல்லவில்லை.

ஒரு கை மட்டும் மடிப்பு நின்ற சட்டையோடு
ஐ.டி.ஐ. ஹாலில் உட்கார்ந்தேன்.
முன் பெஞ்சிலெல்லாம் மீசை அரும்பின பையன்கள்.
விடைத்தாளின் முதல் கட்டம், பெயர்.
ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாதேசன் விழுந்த கொட்டகைக்கு
எத்தனை மூட்டை கரி பிடிக்கும் என்று
மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது.
பிறகு எழுதினேன், மூ. செங்கோடன்.
அழுத்தி எழுதியதில்
அடியிலிருந்த தாளிலும் விழுந்துவிட்டது.